நம் ஊர் என்று எழுதியவர்

வீட்டின் உள்ளறை வீட்டுக்காரருடையது. முற்றமோ தெருவின் கண்களுக்கும் உரியது. ஆகவேதான், ஒருவர் தம் முற்றத்தில் எவரும் கண்டிராத ஒன்றை எழுப்பத் தொடங்கினால், தன்னைக் கேளாமல் தன்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார் என்று தெரு பதறுகிறது. அப்பதற்றத்தின் நீண்ட வரலாறு ஒன்றை அறிய விரும்புவோர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரோடு 1926-இல் இணைக்கப்பட்ட வாட்ஸ் என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

சபாத்தோ ரோடியா என்பவர் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள ஒரு மலைக் கிராமத்தில் 1879-இல் பிறந்தார். இளவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். உடன்பிறந்தவரைச் சுரங்க விபத்தில் இழந்தார், மணவாழ்வும் முறிந்தது. 1921-இல் இருப்புப்பாதையை அடுத்த முக்கோண வடிவமான ஒரு சிறு மனையை வாட்ஸில் வாங்கினார். பகலில் கூலி வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தம் மனையில் வேலை. இவ்வாறு 33 ஆண்டுகள் உழைத்தார். ஐந்தடியும் எட்டாத அம்மனிதர் எழுப்பிய கோபுரங்களுள் மிக உயர்ந்தது ஏறத்தாழ 99 அடி.

அவரிடம் வரைபடம் இல்லை, சாரம் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. இரும்புக் கம்பிகளை இருப்புப்பாதையின் தண்டவாளத்தில் செருகி வளைப்பார். கம்பியோடு கம்பியைச் சேர்க்கப் பற்றவைப்பும் ஆணியும் வேண்டியிருக்கவில்லை. கம்பிவலையைச் சுற்றி, அதன்மேல் சிமெண்டுக் கலவையை அப்பி, அது காயுமுன் கைக்குக் கிடைத்ததைப் பதிப்பார்: உடைந்த பீங்கான், ஓட்டுத் துண்டு, கடற்சிப்பி, பச்சை நிறச் சோடாப் புட்டியின் கண்ணாடி, பேதி மருந்து வந்த நீலப் புட்டியின் கண்ணாடி. சன்னல் துடைப்போர் அணியும் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கலவை வாளியோடு, தாம் கட்டிய வளையங்களையே படிகளாக மிதித்து மேலே ஏறுவார். கோபுரம் அவரைத் தாங்கியது. அவர் கோபுரத்தை உயர்த்தினார்.

அண்டை அயலார் என்ன நினைத்தனர்? பலர் பித்தன் என்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இக்கோபுரங்கள் ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பும் வானொலிக் கம்பங்கள் என்ற வதந்தியும் எழுந்தது. புரியாத ஒன்று நம் அருகில் நின்றால் அதற்கு ஒரு தீய நோக்கத்தைக் கற்பிப்பது மனித இயல்பு போலும். பிள்ளைகளோ இரு வகையாக நடந்தனர். புட்டிகளையும் உடைந்த ஓடுகளையும் பொறுக்கிக் கொண்டுவந்து அவரிடம் சில்லறைக் காசு பெற்றோர் உண்டு; கல்லெறிந்து, பதித்த ஓடுகளை உடைத்தோரும் உண்டு. இவ்விரு செயலையும் ஒரே பிள்ளை வெவ்வேறு நாள்களில் செய்திருக்கக்கூடும் என்பது, மறைக்கல்வி வகுப்பில் பல்லாண்டு நின்ற நமது துணிபு.

1955-இல் ரோடியா தம் மனையை அயலார் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, வட கலிபோர்னியாவிலிருந்த தம் உறவினரிடம் போய்ச் சேர்ந்தார். திரும்ப வரவே இல்லை. 1957-இல் இக்கட்டுமானம் ஆபத்தானது, இடிக்கப்பட வேண்டும் என்று நகராட்சி ஆணையிட்டது. பின்னர் இளைஞர் இருவர் அம்மனையை 3,000 டாலருக்கு வாங்கினர். காக்க விரும்பியோர் குழுவாகக் கூடி வழக்காடினர். முடிவில் ஒரு சோதனைக்கு உடன்பாடாயிற்று. 1959 அக்டோபர் 10-ஆம் நாள், பட் கோல்ட்ஸ்டோன் என்னும் வானூர்திப் பொறியாளர் வகுத்த முறைப்படி, உயர்ந்த கோபுரத்தைப் பக்கவாட்டில் 10,000 பவுண்டு விசையோடு இழுத்தனர். கோபுரம் நின்றது, இழுத்த கருவிதான் தளர்ந்தது. இடிப்பு ஆணை கைவிடப்பட்டது. 1990-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், கலிபோர்னியாவின் ஒரு பங்கில் கோடைக்காலப் பணிக்காகத் தங்கியிருந்தபோது, நாம் அவ்விடத்தைக் காணச் சென்றோம். தாழ்ந்த கூரையுடைய சிறு வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. அதன் முடிவில், வானத்தில் வரைந்த சிலந்தி வலைபோல் அவை நிற்கின்றன. வேலிக்கு வெளியே நின்றபடி நெடுநேரம் நோக்கினோம். சுற்றுச்சுவரின் சிமெண்டில் சுத்தியலின் அச்சு, கைகளின் அச்சு, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் ஆகியவை பதிந்துள்ளன. அவர் அதற்கு இட்ட பெயரும் எழுதப்பட்டுள்ளது: நுவெஸ்த்ரோ புவெப்லோ. ஸ்பானிய மொழியில் அதற்கு 'நம் ஊர்' என்று பொருள். இத்தாலியரான அவர் அயலாரின் மொழியில் எழுதினார். தனியாளாகக் கட்டியவர் 'என்' என்று எழுதவில்லை. நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, கோபுரத்தின் உயரத்தைவிட இந்தச் சொல்லே.

அவர் பிறந்த ஊருக்குச் சற்றுத் தொலைவில் நோலா என்னும் நகர் உள்ளது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில், புனித பவுலினுஸ் திருவிழாவின்போது, எட்டு உயர்ந்த மரக்கோபுரங்களையும் ஒரு படகையும் அந்நகர மக்கள் தோளில் சுமந்து வலம் வருவர். நம் சப்பரங்களைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ரோடியாவின் மனையிலும் கோபுரங்களோடு ஒரு கப்பல் உண்டு. அவர் மனத்தில் இருந்தது அத்திருவிழாதான் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், வாட்ஸ் மக்கள் கண்டது சுமப்பதற்குத் தோள்கள் இல்லாத ஒரு சப்பரம்.

இங்கே நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே நாட்டில், அதே காலத்தில், குருக்கள் இருவரும் இதே வேலையைச் செய்தனர். அயோவா மாநிலத்தின் வெஸ்ட் பெண்ட் என்னும் சிற்றூரில், அருட்தந்தை பவுல் டாபர்ஸ்டைன் கடும் நோயிலிருந்து பிழைத்தமைக்கு நேர்ச்சையாக 1912-இல் ஒரு கெபியைக் கட்டத் தொடங்கி, 1954-இல் இறக்கும்வரை கட்டினார். விஸ்கான்சின் மாநிலத்தின் டிக்கிவில் ஊரில் அருட்தந்தை மத்தியாஸ் வெர்னெரஸ் 1930-இல் ஒன்றை நிறைவு செய்தார். கல், சிப்பி, கண்ணாடி, சிமெண்டு எல்லாம் அதே பொருள்கள், அதே பிடிவாதம். அங்கே மக்கள் முழந்தாளிட்டனர், திருப்பயணிகள் வந்தனர். கூலியாள் தன் முற்றத்தில் செய்தபோது கல் பறந்தது. அங்கி அணிந்தவர் கட்டினால் பக்தி, அழுக்குச் சட்டைக்காரர் கட்டினால் பித்து என்பதா? கெபிக்கு விளங்கக்கூடிய ஒரு பெயரும் பயனும் இருந்தன, உண்மையே. ஆயினும் இந்த வேறுபாடு அங்கி அணிந்த நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எனினும் அயலாரை மட்டும் குறை கூறிவிட்டுப் போவது நீதியாகாது. பங்குப் பணியில் அண்டை வீட்டார் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு நாம் கண்டது, முறையிடுகிறவர் எப்போதும் குறுகிய மனத்தினர் அல்லர் என்பதே. டெட்ராய்ட் நகரின் ஹைடல்பெர்க் தெருவில் 1986 முதல் டைரி கைட்டன் என்னும் ஓவியர், கைவிடப்பட்ட வீடுகளின்மேல் வண்ணப் புள்ளிகளைத் தீட்டி, பொம்மைகளையும் பழைய காலணிகளையும் தொங்கவிட்டார். சிதைந்துகொண்டிருந்த தெருவுக்கு உயிர் வந்தது என்றனர் சிலர். அங்கே குடியிருந்த வேறு சிலரோ, குப்பையைக் காண ஊரெங்குமிருந்து வண்டிகளில் வருகிறார்கள், எங்கள் வறுமை வேடிக்கைப் பொருளாகிவிட்டது என்று வருந்தினர். 1991-இலும் 1999-இலும் நகராட்சி அதன் பகுதிகளை இடித்தது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அது ஓர் அரைமணி நேர வியப்பு; எதிர்வீட்டுப் பாட்டிக்கோ காலையில் கதவைத் திறந்தால் முதலில் படும் காட்சி. அவருடைய சொல்லுக்கும் எடை உண்டு. இடித்தது சரி என்று நாம் கூறமாட்டோம். அப்பாட்டியிடம் யாராவது முன்னரே சென்று பேசியிருந்தால் என்பதே நமது எண்ணம். ரோடியா அதிகம் பேசுகிறவர் அல்லர் போலும். அவரிடம் சென்று பேசியவர்களும் மிகச் சிலரே.

1961-இல் பெர்க்கலியிலுள்ள பல்கலைக்கழகத்தில் அவருடைய கோபுரங்களின் படங்களைத் திரையிட்டபோது அவரும் வந்திருந்தார்; அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். ஆனால் வாட்ஸுக்கு அவர் செல்லவில்லை. 1965 சூலையில் இறந்தார். மறுமாதமே வாட்ஸ் தீப்பற்றி எரிந்தது. கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அருகிலிருந்த 103-ஆம் தெருவின் கடைகள் சாம்பலாயின. கோபுரங்களுக்கு யாரும் தீங்கு செய்யவில்லை.

இன்று அம்மனையை ஒட்டி, சுற்றுப்புறப் பிள்ளைகள் ஓவியமும் இசையும் கற்கும் மையங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு, வாட்ஸில் வளர்ந்து ஜாஸ் இசையில் பெரும்புகழ் பெற்ற சார்லஸ் மிங்கஸின் பெயரை இட்டிருக்கிறார்கள். சிறுவனாக இருந்தபோது, அந்தச் சிறிய மனிதர் கம்பிகளின்மேல் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்தவர்களுள் அவரும் ஒருவர்.