பட்டியலில் இல்லாத பாட்டிகள்

என் மருமகள் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கத்து மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவளுடைய அப்பா வழி முன்னோர்களைக் கப்பல் ஏறிய ஆள் வரைக்கும் சுலபமாகப் பிடித்துவிட்டாள். அம்மாவைப் பெற்ற பாட்டியின் வழியில் இறங்கியதும் தேடல் முடங்கியது. நானும் அவளோடு உட்கார்ந்தேன்.

1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் வந்திறங்கிய ஜெர்மானியர்களின் பெயர்களைக் காலனி அரசு எழுதிவைத்தது. பதினாறு வயது நிறைந்த ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவருடைய பெயரைக் குமாஸ்தா எழுத, அவர் பக்கத்தில் ஒரு கீறல் போட்டார். அதே கப்பலில் கைக்குழந்தையோடு அட்லாண்டிக்கைக் கடந்தவளுக்கு அந்தத் தாள்களில் பெரும்பாலும் இடமே இல்லை.

சர்ச் ஏட்டிலாவது இருக்குமே என்றால், அதுவும் இல்லை. விவரம் தெரிந்த பிறகு தானாக விரும்பி ஏற்பதே ஞானஸ்நானம் என்பது மென்னோனைட்டுகளின் நம்பிக்கை. 1525இல் சூரிச்சில் தொடங்கிய இந்தப் பிடிவாதத்துக்காகவே, 1527இல் அங்கே ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஆகவே பச்சைக் குழந்தையின் பெயரைப் பதியும் ஞானஸ்நான ஏடு இவர்களிடம் கிடையாது.

எங்களுக்கு முதலில் வழிகாட்டியது ஒரு இனிஷியல். நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பாவின் பெயர். அந்தப் பக்கத்து மென்னோனைட்டுகள் பலர் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளையின் பெயருக்கு நடுவில் வைப்பார்கள். பாட்டியின் பெயருக்கு நடுவே நின்ற அந்த ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் அந்த அம்மா வழிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் பழைய உயில் கிடைத்தது.

அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நிலம் மகனுக்கு. மனைவிக்கு அவள் படுத்த கட்டில், ராட்டை, அவளே தேர்ந்தெடுக்கும் பசு ஒன்று. வருஷா வருஷம் இத்தனை மரக்கால் கோதுமை, தோட்டத்து ஆப்பிள். விறகை மகனே பிளந்து வாசலில் கொண்டுவந்து போட வேண்டும். தான் போன பிறகு மகன் கையை எதிர்பார்த்து இவள் நிற்கக் கூடாதே என்று அந்த மனிதர் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்! அடுத்த பத்தியில் ஒவ்வொரு மகளும் 'இன்னாருடைய மனைவி' என்று வருகிறாள். எங்களுக்கு வேண்டிய மூதாதைப் பாட்டி அதில் மூன்றாவது.

இதற்கும் முந்தைய ஒரு பட்டியலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1671இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் அரசு விரட்டியதில் இந்த நம்பிக்கைக்காரர்கள் எழுநூறு பேர் போல ரைன் கரைப் பாலட்டினேட்டுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் ஓடினார்கள். ஹாலந்தில் இருந்த மென்னோனைட்டுகள் அவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். யாருக்கு என்ன தேவை என்று தெரிய வேண்டுமே. அதற்காக எழுதிய கணக்கில் கணவனோடு மனைவியும் இருக்கிறாள், வயது இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் என்பதும் இருக்கிறது. விசுவாசம் கேட்டவன் ஆண்களை மட்டும் எண்ணினான். பசியைக் கேட்டவர்கள் வீட்டில் ஒருவரையும் விடவில்லை.

பாட்டி வழிக் குடும்பப் பெயர் அதில் இரண்டு வீடுகளுக்கு இருக்கிறது. எது நம்முடையது என்று தெரிய, ரைன் கரைக் கிராமங்களின் குத்தகைப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். மருமகள் அதற்காகப் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.