பாசாரில் பார்த்தேன்

சுங்கை சிப்புட்டில் பிறந்து ஈப்போவில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண், துருக்கித் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அந்த மொழியையே படிக்கத் தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் 'எவ்லெரிமிஸ்தென்' என்ற சொல் அவரை மடக்கிவிட்டது. 'எங்கள் வீடுகளிலிருந்து' என்று பொருள். எவ் என்றால் வீடு, லெர் என்றால் கள், இமிஸ் என்றால் எங்கள், தென் என்றால் இருந்து. இத்தனையும் ஒரே சொல்.

முதலில் அவர் மலாய் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தார். பள்ளியில் ஊறிய பழக்கம். ஆனால் மலாயில் 'இம்புஹான்' எனப்படும் ஒட்டு வேருக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டும்: ஆஜார், மெங்ஙாஜார், பெங்ஙாஜாரான். துருக்கிச் சொல்லோ பெரும்பாலும் பின்பக்கமே நீளும்.

வழி காட்டியது பாட்டியின் பேச்சு. பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். ஒருநாள் யாரிடமோ தொலைபேசியில், "நான் ஒன்ன நேத்து பாசார்ல பாத்தேன்" என்றார். பேத்தியின் நோட்டில் அன்றைய பாடம் இப்படி இருந்தது: 'பென் செனி த்யூன் பஸார்தா கொர்த்யூம்.' நான், உன்னை, நேற்று, சந்தையில், பார்த்தேன். ஐந்து சொல்லுக்கு ஐந்து சொல், வரிசைகூட மாறவில்லை. பாசார் என்பதே பாரசீகத்தில் கிளம்பி, ஒரு பக்கம் துருக்கிக்கும் மறுபக்கம் மலாய்க்கும் போன சொல்தான்.

பார்த்தேன் என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிக்கப் பேத்தி தமிழ் வகுப்பில் எப்போதோ படித்திருந்தார். கொர், த்யூ, ம் என்பதும் அதே அடுக்குதான். 'கொர்த்யூக்' என்றால் பார்த்தோம். பாலிக் மீன், 'பாலிக்சி' மீன்காரர். தூஸ் உப்பு, 'தூஸ்லு' உப்புள்ளது, 'தூஸ்சுஸ்' உப்பில்லாதது. இதையெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே அவருக்கு இல்லாமல் போயிற்று.

இந்த ஒற்றுமை புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், துருக்கி போன்ற மொழிகளோடு தமிழுக்கு உறவு இருக்கும் என்றே எண்ணினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த இரத்த உறவை ஏற்பதில்லை. கட்டுமான முறை ஒன்று, குடும்பம் வேறு.

இந்தக் கட்டுமான முறை புதுச்சொல் ஆக்கவும் உதவியது. 1932இல் அமைந்த துருக்கி மொழிக் கழகம், அரபு, பாரசீகச் சொற்களுக்குப் பதிலாகச் சொந்த வேர்களில் விகுதி சேர்த்துப் புதுச்சொற்களைப் பரப்பியது. பற என்று பொருள்படும் 'உச்' வேரிலிருந்து வந்த 'உச்சாக்' விமானத்தைக் குறிக்கிறது. நமக்குப் 'பற' பறவையைத் தந்தது, அவர்களுக்கு விமானத்தை.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. நமக்கு 'இல்' மாறாது, முன்நிற்கும் சொல்தான் வளையும்: வீடு வீட்டில் ஆகும், மரம் மரத்தில் ஆகும். துருக்கியில் பெரும்பாலும் சொல் அசையாது, உருபுதான் மாறும். முன்னுள்ள உயிரொலியைப் பார்த்து 'எவ்தெ' என்றும் 'பஸார்தா' என்றும் வரும். வல்லின ஓசையில் முடிந்தால் 'தா' இன்னும் அழுத்தமாக 'டா' ஆகும்.

விதி புரிந்ததும் அவர் ஊர்ப்பெயர்களில் போட்டுப் பார்த்தார். தைப்பிங் 'தைப்பிங்தெ' ஆயிற்று. அடுத்து சொந்த ஊர். கடைசி உயிர் உகரம், முடிவது டகர ஒற்று. 'சுங்கை சிப்புட்டா' என்று எழுதி, பக்கத்திலேயே 'சுங்கை சிப்புட்டில்' என்று எழுதினார். இரண்டிலும் அந்த டகரம் இரட்டித்து நின்றது.