மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு தோணி

கல்யாண கேசட், புதுநன்மை (முதல் நற்கருணை) கேசட், பனிமய மாதா திருவிழா கேசட் என்று எங்கள் வீட்டு பீரோவில் கிடந்தவற்றில் பாதி வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிட்டது. தூத்துக்குடி உப்புக்காற்று இரும்பையே தின்கிறது, டேப்பை விடுமா? பூஞ்சை பிடித்ததை டெக்கில் போட்டால் ஹெட்டும் போகும். சுத்தமானவற்றை மட்டும் கணினியில் ஏற்றினேன். மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம்தான், குறுக்கு வழி கிடையாது. மினி டிவி (MiniDV) கேசட்டோ மணிக்கு 13 ஜிபி இடம் கேட்கும்.

அடுக்கி வைக்க, இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம் மென்பொருளைப் பிடித்துக்கொண்டேன். 2016இல் பிகாசாவை கூகுள் கைவிட்டதிலிருந்து எந்த மென்பொருளுக்குள்ளும் எல்லாவற்றையும் பூட்டி வைக்க மனம் வருவதில்லை. டிஜிகேமில், நாம் எழுதும் குறிப்பை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே சின்னதாகத் தனிக் கோப்பில் போடச் சொல்லலாம். நாளை மென்பொருள் போனாலும் குறிப்பு நிற்கும்.

தேதிதான் படுத்தியது. கைப்பேசியின் எம்பி4 கோப்பு பெரும்பாலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதிக்கொள்கிறது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து நள்ளிரவு ஒரு மணிக்கு எடுத்தது, 24ஆம் தேதி இரவு ஏழரை என்று நிற்கும். வாட்ஸ்அப் கிளிப்பின் பெயரில் இருப்பதோ, வந்து சேர்ந்த தேதி. நல்லவேளை, மாதாவின் தங்கத் தேர் வருஷாவருஷம் ஓடுவதில்லை. 2013இல் ஓடியது, பிறகு 2023இல், இரண்டும் ஆகஸ்ட் 5. எந்த வருஷம் என்பதைக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்த போன்களே சொல்லிவிடும்.

முகங்களுக்குப் பெயர் போட சித்தியை உட்கார வைத்தேன். பீச் ரோட்டில் வெள்ளை கவுன் போட்ட ஒரு சிறுமி, கையில் மெழுகுவர்த்தி. யார் என்று கேட்டேன்.

“அவ கிடக்கட்டும்ல. பின்னால நிக்கிற தோணியப் பாரு. இந்த மாதிரி தோணியிலதான் உங்க தாத்தா கொழும்புக்கு லோடு ஏத்துனாரு.”

கேமரா அதற்குள் கேக் பக்கம் திரும்பிவிட்டது. தோணி தெரிந்தது இரண்டு நொடி.

அன்றே ‘பின்னணி’ என்று ஒரு டேக் சேர்த்தேன். அதன் கீழ் தோணி, உப்பளம், சங்கு குளிக்கப் போகும் வள்ளம். ஆட்களின் பெயர்களைச் சொல்ல வீட்டில் இன்னும் யாராவது இருக்கிறார்கள். பின்னால் நிற்பதைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை. இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1955 முதல் 1961 வரை. அப்போது எங்கள் வீட்டில் யாரிடமும் கேமரா இல்லை. சங்குக்காரர்களாவது யாருடைய தோளுக்குப் பின்னாலாவது நாலு நொடி வந்துபோகிறார்கள்.

அதையும் சில கல்யாண கேசட்டுகள் கெடுத்துவிட்டன. மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடற்கரையில் நிறுத்தி எடுத்த வீடியோக்காரர், மிக்ஸிங்கில் இருவரையும் இதய வடிவத்துக்குள் அடைத்து, கடல் இருந்த இடமெல்லாம் ரோஜாப்பூ போட்டுவிட்டார். மூலக் கேசட் இருக்கிறதா என்று கேட்கப் போனேன். அதை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்திருப்பேன், அப்போது கேசட் என்ன விலை தெரியுமா என்றார்.