கரண்ட் போனால் தண்ணீரும் போகும்

வர்தா புயல் அடித்தது 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. பிற்பகலில் காற்று சட்டென்று அடங்கியது. ஓய்ந்துவிட்டதென்று பக்கத்து வீட்டுப் பையன் தெருவில் இறங்கினான். "டேய், மேல வா! புயலோட கண்ணு இது, இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்று அம்மா மாடியிலிருந்து சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று வந்தது. எங்கள் அடையாறு தெருவின் தூங்குமூஞ்சி மரம் அப்போதுதான் சாய்ந்தது.

இருட்டுக்கு நாங்கள் தயார். டார்ச், மெழுகுவத்தி எல்லாம் இருந்தன. தண்ணீரைத்தான் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் மேல்தொட்டி காலி. காலடியில் சம்ப் நிறையத் தண்ணீர், மோட்டார் ஓடக் கரண்ட் இல்லை. பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்க எட்டு வீட்டிலும் ரொக்கம் தேறவில்லை. மயிலாப்பூரில் அம்மா பிறந்த வீட்டுக் கிணற்றின் தாம்புக்கயிறு பரணில் கிடந்தது. சம்ப் மூடியைத் திறந்து, அந்தக் கயிற்றில் வாளி கட்டி, முறை வைத்து இறைத்தோம். மூன்று மாடிக்குக் குடம் சுமந்து ஏறியபோதுதான் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது என் தோளுக்குத் தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு வெள்ளத்தில் கயிறும் உதவியிருக்காது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட, அடையாறு கரை மீறியது. எங்கள் சம்ப்பில் சாக்கடை கலந்தது. தெருவோர மின்பெட்டிகள் மூழ்கினால் ஆள் செத்துப்போகும் என்பதால் மின்வாரியமே கரண்டை நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும். அதற்காக அவர்களைத் திட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஐப்பசி பிறந்தால் இப்போது மூடி போட்ட இரண்டு டிரம்கள் மாடியிலேயே நிறைந்திருக்கும். மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டரை மேலே ஏற்றிவிட்டோம்; பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது என் வேலை. அம்மாவின் இன்சுலினுக்கு ஈரமணல் நிரப்பிய மண்பானை ஒன்று உண்டு. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள் ஒரு டப்பாவில். தண்ணீர் பிளக் பாயிண்ட்டை எட்டுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை இறக்க வேண்டும் என்பது என் பெண்ணுக்கும் தெரியும்.

கீழ்வீட்டு மாமி தனியாக இருக்கிறார், முட்டி மடங்காது. அவர் வீட்டு மாற்றுச்சாவியும் மருந்துச்சீட்டு நகலும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகின்றன. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று விடியும்போதே வாசலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. நாற்காலியோடு அவரைத் தூக்கி வந்தோம். "என் மாத்திரைப் பை?" என்றார் பாதிப் படியில். "முதல்லயே மேல வந்தாச்சு மாமி" என்றாள் என் பெண்.