நல்லா இருந்த காலம்

மதுரையில் வலிப்பு நோயாளிகளைப் பார்த்துவரும் எனக்கு, ஸ்கேன் படத்துக்கு முன்னால் வேண்டியது கூட வந்தவர் சொல்லும் கதை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் அம்மா, "ஃபிட்ஸ் வந்துருச்சு சார்" என்று நிறுத்திக்கொள்வார். நான் விடமாட்டேன். வாய் சப்புக்கொட்டியதா? விரல் சட்டைப் பொத்தானை நோண்டியதா? ஆம் என்றால் என் நினைப்பு மூளையின் டெம்போரல் மடலுக்குப் போகும். அடுத்து பழைய கதை: "சின்னப்பிள்ளையில காய்ச்சலோட ரொம்ப நேரம் வெட்டு வந்துச்சா? பைக்ல விழுந்து நினைவு தப்புச்சா?"

"அது எப்பவோ சார். அப்புறம் நல்லாத்தானே இருந்தான்."

அந்த நல்லா இருந்த காலத்தில்தான் மூளை ஓசையில்லாமல் வலிப்புக்குப் பழகுகிறது. அதைத் தடுக்க எங்களிடம் மருந்து இல்லை. தலைக்காயத்துக்குப் பின் கொடுத்த வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் முதல் வார வலிப்பைக் குறைத்தது, பிந்தைய வலிப்பைத் தடுக்கவில்லை என்று 1990-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. மாத்திரை வலிப்பை அடக்கும். நோய் உருவாவதை அல்ல. மூவரில் ஒருவருக்கு அடக்கவும் செய்யாது.

அதனால்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இவ்வளவு ஆர்வமாகப் படிக்கிறேன். சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள சிறு ஆர்.என்.ஏ. துண்டு அது. தானாக எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதை, கண்மாய் மடையில் நிற்கும் நீர்ப்பாய்ச்சிபோல் அளந்து விடும். 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்ட ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது. டப்ளினில் டேவிட் ஹென்ஷால் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்கு நீண்ட வலிப்பு வரவழைத்த பிறகு, மைக்ரோ ஆர்.என்.ஏ.-134-ஐ முடக்கும் மருந்தை மூளைக்குள் செலுத்தினார்கள். பின்னாளில் தானாக வரும் வலிப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அடிபட்ட பிறகு, நோய் வருமுன்! நான் ஏங்கும் இடைவெளி அதுதான்.

எலி மனிதனல்ல. ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களைத் தொடுவதால் அதை முடக்கினால் வேறெது கெடுமோ என்ற பயமும் நியாயமானதே. முடக்கும் மருந்தும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. ஆனால் முதுகுத்தண்டு நீர் வழி இருக்கிறது. தசை நலிவு நோய்க்கான, இதே வகை மருந்தான நுசினெர்சென் 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அவ்வழியாகச் செலுத்தத்தான். இடுப்பில் ஊசி குத்தி நீரெடுப்பது எங்கள் வார்டுக்குப் புதிதல்ல.

யாருக்குக் கொடுப்பது என்பதே பெரிய கேள்வி. தலையில் அடிபட்ட எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை. வரப்போகிறவரை ரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வே காட்டிக்கொடுக்குமா என்றும் தேடுகிறார்கள். அதுவரை, தலைக்காய வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவரின் சீட்டில் அடிபட்ட தேதி, நினைவு தப்பியிருந்த நேரம், மூளைக்குள் ரத்தம் கசிந்ததா என்பதையெல்லாம் பயிற்சி மருத்துவர்களை விடாமல் எழுதவைக்கிறேன்; நல்லா இருந்தாலும் ஆறு மாதத்தில் வந்து காட்டச் சொல்கிறேன்.