கையைத் தூக்கு, ஜட்ஜைக் கூப்பிடு!

லாஸ் வேகாஸ்னாலே சூதாட்டம்தான் ஞாபகம் வருதா? 2015 மே மாதம் அங்கே நடந்த கிராண்ட் ப்ரியில் 7,500க்கும் மேற்பட்டவர்கள் சீட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். ஆட்டம், 'மேஜிக்: தி கேதரிங்'.

இத்தனை மேஜைகளில் தப்பு நடக்காமல் இருக்குமா? நடந்தால் கையைத் தூக்கி, 'ஜட்ஜ்!'னு ஒரு குரல். கறுப்புச் சட்டை நடுவர் வந்து நிற்பார். இரண்டு பேரையும் விசாரிப்பார்.

தெரியாம ஒரு சீட்டு கூடுதலா எடுத்துட்டீங்களா? முன்பெல்லாம் அந்த ஆட்டமே தோல்விதான். இன்றைய விதிப்படி, உங்கள் கைச்சீட்டுகளை எதிராளி பார்த்து ஒன்றைக் காட்டுவார். அது மறுபடி கட்டுக்குள் போய்விடும். கூடவே ஓர் எச்சரிக்கை.

'அவர்தான் கவனிக்கலையே'ன்னு தெரிஞ்சே கமுக்கமா இருந்தீங்களா? போட்டியிலிருந்தே அவுட்!

தப்பைச் சொன்னவருக்கு ஒரு சீட்டு நஷ்டம். மறைச்சவருக்கு மொத்தமும் நஷ்டம். கணக்கு சரிதானே?