நடுவில் இருப்பவள்

‘செல்ஃப் இன்ட்ரோ’ என்றால் எங்கள் மாணவிகளுக்கு நான்கு வரி. பெயர், ஊர், அப்பாவின் தொழில், ‘மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப்’. ஒப்பித்து முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தலை குனிந்துவிடும். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கமிருந்து வருகிறவர்கள். பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். இவர்களுக்கு ‘கான்ஃபிடன்ஸ்’ இல்லை என்கிறார்கள் பயிற்சியாளர்கள். பொம்பளப் பிள்ளைக்கு என்ன பேச்சு என்று பதினெட்டு வருடம் அடக்கிவிட்டு, சில மணிநேரப் பயிற்சியில் அந்தப் பேச்சைத் திருப்பிக் கேட்கிறோம்.

சனிக்கிழமைகளில் எனக்கு ஒரு மணிநேரம் கிடைத்தது. அம்ரிதா ஷெர்கில் 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பலகையில் ஒட்டினேன். 1937இல் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் பெற்ற படம். வரைந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. இதில் ஒன்றையும் மாணவிகளிடம் சொல்லவில்லை, தலைப்பைக்கூட.

சொல்லாமலிருப்பதுதான் முறை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கியது. ஆசிரியர் விளக்கக்கூடாது. படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். வந்த பதிலை ‘சரி’, ‘தப்பு’ என்னாமல் வேறு சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். நம் வீடுகளில் பெண்ணிடம் ‘ஏன்’ என்று கேட்டால் அது பெரும்பாலும் மிரட்டல். ‘எதைப் பார்த்துச் சொல்றே?’ என்பதில் மிரட்டல் இல்லை. விரல் நீட்டிக் காட்டினால் போதும்.

முதல் பத்து நிமிடம் மின்விசிறிச் சத்தம்தான். பிறகு ஒருத்தி, “பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க மேம்.”

“எதைப் பார்த்துச் சொல்றே?”

“மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க, யாரும் யாரையும் பாக்கல.”

“இல்ல மேம்,” என்றாள் இன்னொருத்தி. “வேலை முடிஞ்சு வந்திருக்காங்க. ஷிஃப்ட் முடிச்சிட்டு எங்கம்மா இப்படித்தான் உக்காருவாங்க. கை சும்மா மடியில கெடக்கும்.”

அவள் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை செய்கிறார். ‘ஹவுஸ்வைஃப்’ என்று ஒப்பித்தவர்களில் இவளும் ஒருத்தி. நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த வரியை அவளே மாற்றியிருந்தாள்.

எல்லாம் முதலில் தமிழில்தான். சொல்ல விஷயம் இருந்தால் ஆங்கிலம் நொண்டிக்கொண்டாவது பின்னால் வரும். ‘பிகாஸ் ஹேண்ட்ஸ் எம்ப்டி’ என்று ஒருத்தி சொன்னதை நான் திருத்தவில்லை. அந்த ‘பிகாஸ்’ வருவதற்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

சங்க இலக்கியம் நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் என் சரக்கையும் சேர்த்தேன். அகப்பாடலில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யார் பேசுகிறார்கள் என்பதுதான் உண்டு. பெயர் இல்லாததால் அங்கே ஒரு பெண்ணால் எதையும் சொல்ல முடிகிறது. அலர் தூற்றும் ஊருக்குள் இருந்துகொண்டே சொல்ல முடிகிறது. படத்தில் இருக்கும் மூவரில் ஒருத்தியாகப் பேசுங்கள் என்றேன்.

அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். “நான் நடுவுல இருக்கறவ. எனக்கு இன்னும் ரெண்டு செமஸ்டர் இருக்கு. யாரும் என்னக் கேக்கல.” உட்கார்ந்துவிட்டாள். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று அன்று நான் கேட்கவில்லை.

தோழிகளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. மதிய இடைவேளைகளில் ஒருத்தி அப்பாவாக, இன்னொருத்தி அத்தையாக உட்கார, இவள் பேசிப் பேசிப் பார்த்திருக்கிறாள். அத்தையாக நடித்தவள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லையாம். பிறகு நிஜமாகவே வீட்டில் பேசினாள். நிச்சயதார்த்தம் தேர்வுக்குப் பிறகு என்று தள்ளிப்போயிருக்கிறது. ரத்தாகவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு ஷெர்கிலின் 1937ஆம் வருடத்துப் படங்கள் இரண்டை எடுத்து வைத்திருந்தேன்: ஒன்று மணப்பெண்ணை அலங்கரிப்பது, மற்றொன்று சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்கள். முதலாவதை ஒட்டப் போனபோது அவள் எழுந்தாள்.

“இது இன்னிக்கு வேணாம் மேம்.”

மற்றதை ஒட்டினேன்.